கமாண்டோ கேம்ப்புக்காகக் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. இரண்டு வருடமாகக் கொலஸ்ட்ராலுக்கு அட்டர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறேன். பிரபலங்களை ராணுவப் பாணியில் வாட்டியெடுக்கும் ‘ஸ்பெஷல் ஃபோர்சஸ்: வேர்ல்ட்ஸ் டஃபஸ்ட் டெஸ்ட்’ நிகழ்ச்சியைப் பார்த்த உற்சாகத்தில், நண்பர்களோடு இரண்டு நாள் ‘கமாண்டோ கேம்ப்’ ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. “அந்த மாத்திரை தசையைக் கரைக்கும், ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட்டு வாருங்கள்” என்கிறார் கேம்ப் நடத்துபவர். நிறுத்தலாமா? மூன்று வாரத்தில் உடம்பைத் தயார் செய்ய முடியுமா?

பதில் அளிப்பவர்: விளையாட்டு மருத்துவர்

நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டர் சொன்னால் தவிர, யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

கேம்ப்காரர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுதான் தொல்லை. உங்கள் அட்டர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரை சிலருக்குத் தசைவலி கொடுக்கும். மிக அபூர்வமாகத் தசை சிதைவதும் உண்டு. மாத்திரை எடுப்பவர் திடீரென்று கடுமையாக உழைத்தால் அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடும். அதற்காகக் குறைக்க வேண்டியது உழைப்பை. ஒரு மருந்தை நிறுத்தினால்தான் தாங்கும் என்று அவரே சொல்கிறார் என்றால், அந்த இரண்டு நாளில் உங்களை என்னதான் செய்ய வைக்கப் போகிறார்? மாத்திரையைப் பற்றி அவரிடம் பேசியது போதும், இதைக் கேளுங்கள்.

அவர் அரைகுறையாகக் கேள்விப்பட்ட சங்கதியின் பெயர் ராப்டோமயோலிசிஸ். நாங்கள் சுருக்கமாக ‘ராப்டோ’ என்போம். பழகாத தசையை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் அதன் செல்கள் உடைந்து, உள்ளே இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம், பொட்டாசியம் எல்லாம் ரத்தத்தில் கலக்கும். மயோகுளோபின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கும். இதற்கு மாத்திரையே தேவையில்லை. பல மாதம் சும்மா இருந்தவர் ஒரே காலையில் நூறு, இருநூறு ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போட்டாலே போதும். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும் அசைவுகள்தான் அதிகம் படுத்தும்: சரிவில் இறங்குவது, ஸ்குவாட்டில் கீழே போவது, புல்-அப் எடுத்துவிட்டு உடம்பை மெல்ல இறக்குவது. கேம்ப் நிகழ்ச்சிநிரலைப் பாருங்கள், பாதிக்கு மேல் இவைதான் இருக்கும்.

டிவியில் இத்தனை பேருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று உங்களுக்குத் தோன்றும். 2023-இல் வந்த முதல் சீசனில் ஜோர்டானின் வாடி ரம் பாலைவனத்தில் 16 பிரபலங்கள் இறங்கினார்கள். கடைசிவரை தாங்கியவர்கள் கால்பந்து வீராங்கனை கார்லி லாய்டும் டிவி நட்சத்திரம் ஹன்னா பிரவுனும் மட்டும். மற்றவர்கள் நடுவில் விலகினார்கள், சிலரை மருத்துவக் குழுவே வெளியே எடுத்தது. அங்கே வாக்கெடுப்பு கிடையாது, பரிசுத்தொகை கிடையாது. முடியவில்லை என்றால் கையில் கட்டிய எண் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாம். விரட்டியவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. மார்க் பில்லிங்ஹாம் பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். என்ற சிறப்புப் படையில் இருந்தவர், ரெமி அடலேகே அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் பிரிவான நேவி சீலில் இருந்தவர். கத்துவதும் மிரட்டுவதும் திரையில் தெரியும். கேமராவுக்குப் பின்னால் நிற்கும் மருத்துவக் குழு பெரும்பாலும் தெரியாது. வார இறுதி கேம்ப்காரர்கள் கத்துவதை மட்டும் நகலெடுக்கிறார்கள்.

நிஜ ராணுவத்திலேயே இது பிசகியிருக்கிறது. 2013 ஜூலையில் வேல்ஸில் பிரெக்கன் பீக்கன்ஸ் மலையில், எஸ்.ஏ.எஸ். தேர்வுக்கான நடையில், வெயிலில் சுமையோடு போன மூன்று ரிசர்வ் (பகுதிநேர) வீரர்கள் இறந்தார்கள். பயிற்சி பெற்ற இளைஞர்கள். பின்னால் நடந்த மரண விசாரணை, அலட்சியமும் ஒரு காரணம் என்றது. ஒரு ராணுவத்துக்கே இது நடக்கிறபோது, மைதானத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறவர் என்ன ஏற்பாடு வைத்திருப்பார் என்று கேட்பது உங்கள் உரிமை.

அதனால் மாத்திரையைவிட ஆளை விசாரியுங்கள். ‘எக்ஸ்-கமாண்டோ’ என்று டி-ஷர்ட்டில் அச்சடிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். எந்தப் படை, எந்தப் பிரிவு, எத்தனை வருடம் என்று கேளுங்கள். உண்மையாக இருந்தவர் கோபப்படாமல் பதில் சொல்வார். இருந்திருந்தாலும்கூட, இளம் வீரர்களை விரட்டியவருக்கு மேசை வேலைக்காரரை விரட்டத் தெரியும் என்று அர்த்தமில்லை. முதலுதவி யார் பார்ப்பார், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், பக்கத்து மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம், வெயிலில் ஒருவர் சுருண்டு விழுந்தால் உடம்பைக் குளிர்விக்க ஐஸும் தண்ணீர்த் தொட்டியும் உண்டா? “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்” என்று பதில் வந்தால் போகாதீர்கள், கட்டின பணம் போனால் போகட்டும். நடுவில் ஒரு ஏஜென்ட் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவருக்கு உங்கள் தலை மேலே இருக்கிறதா என்பதில் அக்கறை கிடையாது.

அடுத்தது அந்த ஃபிட்னஸ் சர்டிஃபிகேட். கேம்ப்பே ஒரு படிவம் அனுப்பும், கூடவே ‘நம்ம லேப்’ என்று ஒரு பேக்கேஜையும் தள்ளிவிடும். ராப்டோ யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனை கிடையாது. ஈசிஜி அதைக் காட்டாது. என் தொழில்காரர்களையும் சேர்த்தே திட்டுகிறேன்: ரத்த அழுத்தம்கூடப் பார்க்காமல் ‘கடும் உடற்பயிற்சிக்குத் தகுதியானவர்’ என்று முத்திரை குத்துகிறார்கள். ஏதாவது ஆனால் கேம்ப் அந்தக் காகிதத்தைக் காட்டும், டாக்டர் “நோயாளி சொல்லவில்லை” என்பார். இப்படிப்பட்ட முகாம்களுக்கென்று உரிமமோ ஆய்வோ எதுவும் கறாராக இல்லாதபோது, கடைசியில் மாட்டுவது படுத்திருப்பவர்தான்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, யாரும் சொல்வதில்லை என்பதால். சிவப்பணுக்களை அரிவாள் போல வளைக்கும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயின் மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நோய் இல்லை, வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லாமல் போய்விடலாம். ஆனால் வெயிலில், நீர் வற்றி, ஓய்வே இல்லாமல் விரட்டப்பட்டால் அவர்களின் சிவப்பணுக்கள் வளைந்து தசைக்குப் போகும் நுண்குழாய்களை அடைக்கலாம். சாதாரணத் தசைப்பிடிப்பில் தசை கல்லாக இறுகும், ஆள் வலியில் கத்துவார். இவர்களோ கால் பலமிழந்து சத்தமில்லாமல் சரிவார்கள். பயிற்சியாளர் “நடிக்காதே, எழுந்திரு” என்பார். அங்கேதான் உயிர் போகிறது. அமெரிக்க ராணுவத்தின் கறுப்பின வீரர்கள் சுமார் 48,000 பேரை வைத்து 2016-இல் வெளியான ஆய்வில், இந்த மரபணு உள்ளவர்களுக்கு ராப்டோ வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. மரணம் கூடவில்லை, ஏனென்றால் நீர், ஓய்வு, வெயிலுக்குப் பழக்குவது எல்லாம் அங்கே விதியாக இருக்கிறது என்பது என் கணிப்பு. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அரிவாள் செல் என்ற பேச்சு வந்திருந்தால், ஓர் எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பலருக்கு எப்போதோ எடுத்து, முடிவு கோப்பில் தூங்குகிறது. எடுத்தவர்கள் கூப்பிட்டுச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

இனி உங்கள் மூன்று வாரம். கமாண்டோ ஆக முடியாது, தசைக்கு அறிமுகம் கொடுக்க முடியும். ஒருநாள் விட்டு ஒருநாள் வேகமாக நடங்கள், படி ஏறுங்கள், ஏறியதை நிதானமாக இறங்குங்கள். ஸ்குவாட் முதல் நாள் பத்து, உடம்பு வலிக்காவிட்டால் அடுத்த முறை இன்னும் ஐந்து. இரண்டாவது வாரத்தில் பையில் கொஞ்சம் சுமை. வெயிலில் முகாம் என்றால் பத்துப் பதினைந்து நாள் தினமும் கொஞ்ச நேரம் வெளியில் பயிற்சி செய்தால்தான் உடம்பு சூட்டுக்குப் பழகும். கடைசி இரண்டு நாள் ஓய்வு. இடையில் காய்ச்சல் வந்தாலோ, நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ முகாமை மறந்துவிடுங்கள்.

அங்கே போனால் வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போடாதீர்கள். உடல் வறண்டிருக்கும்போது அவை சிறுநீரகத்தை இன்னும் படுத்தும். யாரோ கலக்கிக் கொடுக்கும் ‘பூஸ்டர்’ பவுடரும் வேண்டாம். தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் சோடியம் சரிந்துவிடும். அமெரிக்க ராணுவமே மணிக்கு சுமார் 1.4 லிட்டருக்கு மேல் வேண்டாம் என்கிறது, உங்களுக்கு அவ்வளவும் தேவைப்படாது. “நிறுத்துகிறேன்” என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை முதல் நாள் காலையிலேயே எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுங்கள்.

திரும்பி வந்தபின் மூன்று நாள் கவனியுங்கள். உடல்வலி எல்லோருக்கும் வரும். வலி நாளுக்கு நாள் ஏறினால், தொடையோ கையோ வீங்கி விறைத்தால், சிறுநீர் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனால் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், நடுராத்திரியாக இருந்தாலும். அந்த நிலையில் ஸ்டாட்டினையும் போடாமல், டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் “நீர்ச்சத்துக் குறைவு” என்று ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றி அனுப்பப் பார்ப்பார்கள். விடாதீர்கள். கேம்ப்பில் என்ன செய்தீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லி, சிபிகே (தசை சிதைவைக் காட்டுவது), கிரியாட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டுவது), பொட்டாசியம் மூன்றும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.