‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்றால் எங்கே போவது?

கேள்வி: எனக்கு 43 வயது. லால்குடி பக்கத்துக் கிராமம். திருச்சியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், புடவைப் பிரிவில் 11 வருடம் நின்றபடியே வேலை பார்த்தேன். காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்து வலி தாங்கவில்லை. உட்கார ஒரு ஸ்டூல் கேட்டேன். அடுத்த வாரமே, “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ‘சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால்தான் பி.எஃப். பணம் வரும் என்கிறார்கள். இன்னும் எழுதித் தரவில்லை. “அவங்களோட மோத முடியுமா, விடு” என்கிறார் கணவர். நான் எங்கே போய்க் கேட்பது? இன்னொன்று: ஓர் அறக்கட்டளையில் சமூக சேவை செய்தால் அங்கேயே வேலை கிடைக்கும், 2,000 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டு என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். நாலு பேருக்கு உதவ எனக்கும் ஆசைதான். கட்டலாமா?
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த வரி ‘இன்னும் எழுதித் தரவில்லை’ என்பதுதான். தராதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டாலும் போடாதீர்கள். நீங்களாக விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால், வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்று பிறகு வழக்காடுவது மிகவும் கடினம். பி.எஃப். உங்கள் பெயரில் உள்ள பணம். அதற்கும் ராஜினாமாக் கடிதத்துக்கும் சம்பந்தமே இல்லை.

நான் பல வருடம் ஒரு மில்லில், ஆட்களின் வருகைப் பதிவைப் பார்க்கும் டைம் ஆபீசில் இருந்தவன். வாய்வார்த்தையாக நிறுத்தப்பட்டவர்கள் எங்கே கோட்டைவிடுகிறார்கள் என்று அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அழுதுகொண்டு வீட்டுக்குப் போவார்கள். பத்து நாள் கழித்து வந்து கேட்டால், “சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்” என்று பதிவேட்டில் எழுதியிருக்கும். அதனால் இன்றைக்கே நீங்கள் செய்ய வேண்டியது ஒரு கடிதம் எழுதுவது. பெரிய தமிழ் வேண்டாம். “இன்ன தேதியில் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னீர்கள். நான் விலகவில்லை. வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். நிறுத்தியதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.” இவ்வளவு போதும். தேதி போட்டு, கையெழுத்திட்டு, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025ல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். எனவே விரைவுத் தபால் என்றே கேளுங்கள். ரசீது பத்திரம். ‘வேலை செய்யத் தயார்’ என்ற சொற்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிற்பாடு உங்களைக் காப்பாற்றப்போவது அவைதான்.

அப்புறம், உங்கள் பக்கம் என்ன சட்டம் இருக்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947லேயே வந்தது. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரைத் தக்க காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நிறுத்தக் கூடாது என்கிறது அதன் 41ஆம் பிரிவு. தவறு செய்தார் என்று சொல்லி நிறுத்துவதானால் முறையாக விசாரிக்க வேண்டும். இதை எதிர்த்துத் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்கான கெடு குறைவு. ஒரு மாதம்தான் என்று மனதில் வைத்துக்கொண்டு நடங்கள். பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் கேட்ட ஸ்டூலும் சலுகை இல்லை. கடை ஊழியர்கள் அனைவருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 2021ல் இதே சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சட்டத்தில் உள்ளதைக் கேட்டதற்காக ஒரு பெண்ணின் 11 வருட வேலை போகிறது என்றால், அதைப் படிக்கும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

எங்கே போவது? லால்குடி நீதிமன்றத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. திருச்சி கண்டோன்மென்ட்டில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே வக்கீல் இலவசம். வீட்டிலிருந்தே 15100 என்ற எண்ணில் பேசலாம். மேல்முறையீட்டு மனுவை அவர்களைக் கொண்டே எழுதிக்கொள்ளுங்கள். உட்கார வசதி இல்லை, சம்பள பாக்கி என்பதையெல்லாம் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகாராகக் கொடுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் அந்த அலுவலகம் உண்டு. அங்கே அலைக்கழித்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். எண் இல்லாத மனு கொடுக்காத மனு மாதிரிதான்.

பணத்துக்கு வருகிறேன். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, என்று ஒன்று இருப்பதையே கடையில் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடையில் ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு அது உரிமை. வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி, நீங்களே விலகினாலும் சரி, வரும். தொழிலாளர் சட்டங்களை இப்போது புதிய தொகுப்புகளாக்கிவிட்டார்கள். ஆனால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கு அப்படியேதான் இருக்கிறது. கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை வருடங்களால் பெருக்க வேண்டும். கணக்குக்கு எடுக்கும் சம்பளம் 10,400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு 6,000. 11 வருடத்துக்கு 66,000. “ஏதாவது பார்த்துப் போட்டுத் தருகிறோம்” என்று 10,000 ரூபாயைக் கையில் திணிக்கப் பார்ப்பார்கள். உங்கள் கணக்கை நீங்களே போட்டு வைத்திருங்கள்.

பி.எஃப். விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பதிவு செய்த உங்கள் மொபைலிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால், கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியாக வரும். உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வைத்துப் பாஸ்புக்கை எடுத்து, எந்த வருடத்திலிருந்து கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 11 வருடம் பிடித்து 8 வருடம்தான் கட்டியிருக்கிறார்கள் என்றால், அதுவே தனிப் புகார். சம்பளச் சீட்டுகள் இருந்தால் எடுத்து வையுங்கள். பத்து வருடம் கட்டியிருந்தால் 58 வயதில் உங்களுக்கு மாத பென்ஷன் உண்டு. தொகை பெரிதாக இராது, ஆனால் வாழ்நாள் முழுவதும் வரும். பி.எஃப். ஆபீஸ் வாசலில் நிற்கும் ஏஜென்ட்டுகளிடம் ஆதாரையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிடாதீர்கள். மாதந்தோறும் 27ஆம் தேதியை ஒட்டி பி.எஃப். நிறுவனமே மாவட்டங்களில் குறைதீர்ப்பு முகாம் நடத்துகிறது. உங்கள் கடைசி வேலைநாளைக் கடைக்காரர் பி.எஃப். இணையதளத்தில் ஏற்றாமல் இழுத்தடித்தால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் ஏற்றலாம்.

தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் பிடித்திருந்தார்களா? அந்த கார்டு வேலை போன அன்றே செல்லாமல் போய்விடாது. ஏற்கெனவே கட்டிய காலத்துக்கு ஏற்பச் சில மாதங்களுக்குச் சிகிச்சை தொடரும். இந்த வாரமே டிஸ்பென்சரிக்குப் போய்க் காலைக் காட்டுங்கள். நின்றே பார்க்கும் வேலை என்று டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த வேலைக்கு மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்குப் போய்வாருங்கள். அரசு வேலைக்குப் பதிந்து வைக்கும் இடம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அங்கே தனியார் வேலைவாய்ப்பு முகாமும் நடத்துகிறார்கள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில். கட்டணம் கிடையாது. புடவை விற்றே 11 வருடம் ஆன கை உங்களுடையது. எந்தத் துணி சாயம் போகும், எந்த வாடிக்கையாளர் வாங்குவார் என்று தெரிந்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. “சேல்ஸ் கேர்ள்” என்று ஒற்றைச் சொல்லில் சொல்லி முடித்துவிடாதீர்கள். இனி நிற்க முடியாது என்றால் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் தையல், ஆரி வேலை கற்றுத் தருகிறார்கள். கிராமத்தில் இருப்பதால் உங்களுக்குப் பொருந்தும், பயிற்சியும் சாப்பாடும் இலவசம்.

அந்த 2,000 ரூபாயைக் கட்டாதீர்கள். சேவை செய்ய வருகிறவரிடம் நுழைவுக் கட்டணம் வாங்கி, வேலை தருவேன் என்று ஆசை காட்டுகிற இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. “மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் பழகுங்கள், அப்புறம் பார்ப்போம்” என்று புதிதாக வேலைக்கு எடுக்கும் கடைக்காரர் சொன்னாலும் அது தன்னார்வம் ஆகாது, சம்பளம் தராத வேலை. சேவையையும் சம்பளம் தராத வேலையையும் பிரித்துப் பாருங்கள்.

உதவ வேண்டும் என்ற ஆசை மட்டும் அணைய வேண்டாம். நீங்கள் உதவி கேட்கப் போகும் அதே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ‘சட்டத் தன்னார்வலர்’ என்று சாதாரண மக்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறார்கள். வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. ஊரில் யாருக்குப் பிரச்சினையோ அவர்களைச் சரியான அலுவலகத்துக்குக் கூட்டிப் போவதுதான் முக்கிய வேலை. பணி செய்த நாட்களுக்குச் சிறு மதிப்பூதியமும் உண்டு. அடுத்த அறிவிப்பு எப்போது என்று அங்கே போகும்போதே கேட்டு வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லித் தர விருப்பம் இருந்தால் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கும் தன்னார்வலர்கள் வேண்டும். உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். ஆனால் முதலில் உங்கள் மனுவும் வேலையும் ஒரு நிலைக்கு வரட்டும். வாரத்தில் ஒரு மதியம் போதும்.

கணவரிடம் கோபப்படாதீர்கள், அவர் பயந்துதான் அப்படிச் சொல்கிறார். முதல் நாள் அவரையே கூட அழைத்துப் போங்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், தபால் ரசீது, எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல், ஒரு பேனா. கடையில் உங்களோடு நின்ற பெண்களில் சாட்சி சொல்லத் துணிந்தவர் யாராவது இருந்தால், அவர் பெயரை இப்போதைக்குக் கடைக்குத் தெரியவிடாதீர்கள்; வக்கீலிடம் மட்டும் சொல்லுங்கள். கடிதம் அனுப்பிய தேதியையும் கடையிலிருந்து என்ன பதில் வந்தது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.