நீளத்தைத் தொலைத்த கணக்கு

அன்புள்ள ஐயா,

கிண்டியில் இயந்திரவியல் முதுகலை படிக்கிறேன். மூச்சில் போகும் ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலில் எங்கே படியும் என்று கணினியில் கணிப்பதே என் ஆய்வு. கணக்கு எளிதாகட்டும் என்று நாரை அதே கன அளவுள்ள உருண்டையாகக் கொண்டேன். இது சரியா? நுரையீரலின் மூச்சுக்குழல்கள் பிரிவதற்கு வெய்பல் தந்த சீரான கிளையமைப்பு போதுமா? எந்த மென்பொருளைக் கற்கலாம்?

நிவேதா

அன்புள்ள நிவேதா,

வியாசர்பாடியின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனதில் ஓடுவதை நீங்கள் கேட்டிருப்பதால் உடனே எழுதுகிறேன். மென்பொருள் எதுவானாலும் சரி. வெய்பல் 1963இல் தந்த, 23 முறை இரண்டிரண்டாகப் பிரியும் அமைப்பு தொடக்கத்துக்குப் போதும். அந்த உருண்டையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான்) நீளமும் அரை மைக்ரான் விட்டமும் கொண்ட நாரை உருட்டினால், ஏறக்குறைய 2 மைக்ரான் உருண்டை கிடைக்கும். நார் விழும் வேகத்தைப் பெரும்பாலும் விட்டமே தீர்மானிக்கிறது, நீளம் அதைச் சற்றே கூட்டுகிறது. ஆகவே உங்கள் உருண்டையைவிட அது மெதுவாக விழுந்து, இன்னும் ஆழமாகப் போகும். வாய்க்காலில் மிதக்கும் ஈர்க்குச்சியைப் போல அது ஓட்டத்தின் திசையிலேயே நீண்டு கிடந்து, அவ்வப்போது சட்டெனப் புரளும். இந்தப் புரளலை கணிதவியலாளர் ஜெஃப்ரி 1922இலேயே கணக்கிட்டிருக்கிறார். புரளும்போது அதன் நடுப்புள்ளி சுவரிலிருந்து 10 மைக்ரான் தள்ளியிருந்தாலும் முனை தொட்டுவிடும். உருண்டையோ 1 மைக்ரான் வரை நெருங்கினால்தான் தொடும். படிந்த பிறகும் நீளத்தின் வேலை முடிவதில்லை. உருண்டையை, மூச்சுக்குழல்களின் கடைசியில் உள்ள குட்டிக் காற்றுப்பையான நுண்ணறையின் விழுங்கு செல் முழுதாக விழுங்கி அப்புறப்படுத்திவிடும். 20 மைக்ரான் நாரை விழுங்க முடியாமல் திணறி, அழற்சியைத் தூண்டும் பொருட்களைக் கசியவிடும். இத்தனையையும் ‘எளிமை’ என்ற ஒரு சொல்லில் தூக்கியெறிந்திருக்கிறீர்கள், அம்மா. இது சோம்பல்.

எங்கள் தெருவில் கூரை வேலை செய்த அண்ணன் ஒருவர், துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு ஷீட்டை ரம்பத்தால் அறுப்பார். புருவமெல்லாம் வெளுத்திருக்கும், சிறுவர்களான நாங்கள் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்ப்போம். அந்த வெள்ளைப் பொடியில் பருமனானவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். துண்டைக் கடந்து நுண்ணறை வரை போகக்கூடியது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நார். நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், அவருடைய உடல் எச்சரிக்கும் வரை காத்திருக்க முடியாது. முன்கூட்டிச் சொல்லக்கூடியவற்றுள் உங்கள் கணக்கும் ஒன்று. அது தவறாகச் சொன்னால், ஆபத்தில்லை என்று ஒருவர் அதைக் காட்டி வாதிடுவார்.

இதே நாரை உருண்டையாக ஒருமுறையும், புரளும் நாராக ஒருமுறையும் ஓட்டுங்கள். ஒவ்வொரு கிளையிலும் படியும் அளவை ஒரே வரைபடத்தில் போட்டு எனக்கு அனுப்புங்கள். வித்தியாசம் எந்தக் கிளையில் தொடங்குகிறது என்பதை நாம் சேர்ந்து பார்ப்போம்.