வெட்டி, சேவை, உழைப்பு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போயிருந்தேன். விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்ற கட்டத்துக்கு நான் பதில் யோசிப்பதற்குள் எழுத்தர் 'இல்லை' என்று நிரப்பிவிட்டார். படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டுவிட்டுத்தான் அன்று காலை கிளம்பியிருந்தேன். வீட்டில் சொன்னேன். "நீ செய்யறது சேவைம்மா" என்றார் கணவர். "வெட்டின்னு எழுதாம விட்டாரே அண்ணி" என்று சிரித்தாள் நாத்தனார். சம்பளமில்லாத வேலைக்குத் தமிழில் சரியான சொல்தான் என்ன?

கே., மன்னார்குடி

அன்புள்ள கே.,

உங்கள் நாத்தனார் சிரித்துக்கொண்டே சொன்ன சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' வரிகளோடு சேர்ந்து வரும். ஊருக்கோ அரசுக்கோ கூலி வாங்காமல், கட்டாயமாகச் செய்து கொடுக்க வேண்டிய வேலை அது. 'அமஞ்சி' என்றும் ஒரு சொல் உண்டு. வடமொழியில் விஷ்டி. தெலுங்கில் 'வெட்டி சாக்கிரி' என்றால் இன்றும் கூலியில்லாத கட்டாய வேலைதான். 1946இல் தெலங்கானா விவசாயிகள் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கன்னடத்தில் 'பிட்டி' ஆகி, இலவசம் என்ற பொருளுக்கு வந்துவிட்டது. நம் பேச்சில் 'வெட்டி' என்றால் பயனற்றது. கூலி கொடுக்காதவன் மேல் விழவேண்டிய பழி, உழைத்தவன் தலையில் விழுந்திருக்கிறது. எனக்கு இது ஆறவே இல்லை.

வைகை உடைப்பெடுத்தபோது கரையடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்ட கதை தெரியும்தானே? ஆளில்லாத கிழவி வந்திக்காக மண் சுமக்க வந்த சிவன்கூட, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டுதான் கூடையைத் தலையில் வைத்தார். மதுரையில் ஆவணி மாதம் அதற்கென்றே பிட்டுத் திருவிழா நடக்கிறது. கடவுளே கூலி கேட்ட ஊர் அது.

உங்கள் கணவர் அன்பாகத்தான் சொல்லியிருப்பார். இருந்தாலும் 'சேவை' எனக்கு ஒப்பவில்லை. திருநாவுக்கரசர் உழவாரம் பிடித்துக் கோயிலில் புல் செதுக்கியது தொண்டு. அவராக விரும்பிக் கையில் எடுத்தது. இன்று உழவாரப் பணிக்குப் போகிறவர்களும் அப்படித்தான், முடியாத வாரம் போகாமல் இருக்கலாம். மாமனாரைப் புரட்டிவிடாமல் உங்களால் ஒருநாள் இருக்க முடியுமா? விட முடியாத வேலைக்குச் சேவை என்று பெயர் வைத்துவிட்டால் அதைப் பங்குபோட்டுக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். 'இல்லத்தரசி'யும் வேண்டாம்.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கு எடுத்தது. ஊதியமில்லா வீட்டு வேலை செய்கிறவர்களில், பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97. தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, 'உதவித்தொகை' என்று வைக்காமல் 'மகளிர் உரிமைத்தொகை' என்று வைத்தது. தொகை சிறிதுதான், சொல் சரியான சொல்.

நான் எழுதினால் 'ஊதியமில்லா உழைப்பு' என்றுதான் எழுதுவேன். ஊதியம்தான் இல்லை, உழைப்பு இருக்கிறது. விண்ணப்பத்தில் என்ன தொழில் என்று கேட்டதற்கு 'வீட்டுப் பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு' என்பது போதும். அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது அந்த 'இல்லை'யை அடித்துத் தரச்சொல்லி, பக்கத்தில் உங்கள் கையாலேயே எழுதிவிட்டு வாருங்கள்.