இந்துப்புக்கு மாறியும் பிபி ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 47. சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேனுங்க. மருத்துவ முகாமில் பிபி 148/94 என்றார்கள். டாக்டரும் பார்த்துவிட்டு, “மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் சரிபண்ணிப் பாருங்கள், மாத்திரையை அப்புறம் முடிவு செய்யலாம்” என்றார். இந்துப்புக்கு மாறிவிட்டோம், குழம்பில் உப்பையும் குறைத்தாயிற்று. ஒன்றரை மாதமாகியும் இறங்கவில்லை. நாள் முழுக்கத் தறிக்கு நடுவே நடக்கிறவனுக்குத் தனியாக வேறு நடைப்பயிற்சி வேணுமுங்களா?

பதில்: இந்துப்பில் ஏமாறாதீர்கள். கல்லுப்பு, தூள் உப்பு, இந்துப்பு எல்லாமே பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும்தான் வேறு. அயோடின் கலந்த உப்பை விட்டுவிட்டு இதற்கு வந்தால் அயோடினும் போகும்.

குழம்பில் குறைத்தது நல்லது. ஆனால் குழம்பில் குறைந்த உப்பு ஊறுகாயாகவும் மோர் மிளகாயாகவும் அதே தட்டுக்குத் திரும்பி வருவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அதோடு நம் பக்கத்துப் பேக்கரி இருக்கிறதே! பதினொரு மணி டீக்கு ஒரு பஃப்ஸ், சாயங்காலம் ஒரு கை மிக்சர் அல்லது தள்ளுவண்டிக் காளான். பன்னும் பிஸ்கட்டும் தித்தித்தாலும் அவற்றிலும் உப்பும் சோடா உப்பும் உண்டு. வீட்டில் எவ்வளவு குறைத்தாலும் இந்தக் கணக்கு தனியாக ஏறிக்கொண்டே இருக்கும்.

எனவே முதலில் அளந்து பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன்மேல் தேதி எழுதி வையுங்கள். நான்கு பேர் சாப்பிடும் வீட்டில் ஒரு கிலோ 50 நாளாவது வர வேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்குச் சுமார் 8 கிராம் போகிறது, அதுவும் பேக்கரிக் கணக்கு சேராமல். வேர்வைக்கு உப்பு வேண்டாமா என்று தறிக்காரர்கள் கேட்பதுண்டு. அன்றாடச் சாப்பாட்டில் இருப்பதே பெரும்பாலும் போதும். மோரில் உப்பை விட்டுவிட்டு இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி தட்டிப் போடுங்கள். முதலில் சப்பென்றுதான் இருக்கும், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

கொள்ளு ரசம் நல்ல உணவு, ஆனால் பிபிக்கு மருந்து அல்ல. கீரை, வாழைப்பழம், இளநீரில் உள்ள பொட்டாசியம் பிபி குறைய உதவும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற மாத்திரை எடுத்தாலோ டாக்டரைக் கேட்காமல் இளநீரைக் கூட்ட வேண்டாம். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதிலும் பொட்டாசியம் இருப்பதால், அதற்கும் இதே எச்சரிக்கை.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்க வேண்டும். இடுப்பு வலி, கால் வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களா? டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வகை மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிபியை ஏற்றும். இறங்காத பிபிக்குப் பின்னால் இது இருப்பது அபூர்வமல்ல. அப்படியானால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நடை கட்டாயம் வேணுமுங்க. தறிகளுக்கு இடையே நின்று நின்று நடப்பதில் கால் ஓயும், நெஞ்சுக்குப் பயிற்சி கிடைக்காது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள். எடை கூடுதலாக இருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் பிபி ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். குடி, புகையிலை இரண்டையும் விட்டுவிடுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் பகலில் அறையை இருட்டாக்கித் தூங்குங்கள். பலத்த குறட்டை இருப்பதாக வீட்டில் சொன்னால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிபி இறங்கியதா என்பதை வீட்டில் பாருங்கள். மேல்கையில் கட்டும் பட்டை உள்ள கருவி போதும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து டீ வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்க்க வேண்டும். அது 135/85-க்கு மேலேயே நின்றால் மூன்று மாதம் முடியும்வரை காத்திருக்காமல் அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.

மாத்திரை எழுதினால் தயங்க வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். பிபி சரியானதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தாலும், பிபி எவ்வளவாக இருந்தாலும் வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.