அம்மாவின் முழங்கால் வலியும் சிவப்பு ஒளிக் கருவியும்

அம்மாவின் முழங்கால் வலிக்குச் சிவப்பு ஒளிக் கருவியைப் புடவைக்கு மேலேயே, அரை அடி தள்ளி, ஒரே இடத்தில் அரை மணி நேரம் பிடித்தும் பலனில்லை என்கிறீர்கள். கருவியைக் குறை சொல்வதற்கு முன் பிடிக்கும் முறையை மாற்றுங்கள். துணி ஒளியைத் தடுத்துவிடும், தூரம் கூடினால் வீரியம் குறையும்.

காலை மடக்கி உட்காரவையுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே இருபுறமும் குழி விழும், மூட்டின் இடைவெளி அங்கேதான் இருக்கிறது. தைலம் எதுவும் தடவாத தோலில் கருவியை ஒட்டி, லேசாக அழுத்திப் பிடியுங்கள். இரண்டு குழிகள், மூட்டின் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று நான்கு இடம் போதும்.

நேரத்துக்குக் கணக்கு உண்டு. ஒளியின் வீரியம் சதுர சென்டிமீட்டருக்கு 60 மில்லிவாட் என்று கையேட்டில் இருந்தால், 100 நொடியில் அந்தப் பரப்புக்குக் கிடைக்கும் ஆற்றல் 6 ஜூல். ஓரிடத்துக்கு 4 முதல் 6 ஜூல் போதும். அதிகம் கொடுத்தால் பலன் குறையவே வாய்ப்பு.

ஆழத்துக்குப் போவது 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. கைபேசியின் முன்கேமராவில் பாருங்கள், வெளிர் ஊதாவாக மின்னினால் அது எரிகிறது. நேராகக் கண்ணால் பார்க்கவே கூடாது.

ஒருநாள் விட்டு ஒருநாள், நான்கு வாரம் செய்து பாருங்கள். வலி தணியலாம், தேய்ந்த குருத்தெலும்பு வளராது. தொடைத் தசைப் பயிற்சியை மட்டும் தயவுசெய்து நிறுத்தாதீர்கள், அதன் பலன் இதைவிட உறுதியானது.

டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போல, தோலில் ஒளிக்கூச்சம் தரும் மாத்திரை சாப்பிட்டால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டு திடீரென வீங்கிச் சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.