ஐந்து பேருக்கு எத்தனை அறை வேண்டும்?

அன்புள்ள ஐயா,

சென்னை குரோம்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், ஒன்பதாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன், 74 வயது மாமியார். சொந்தமாக ஃபிளாட் வாங்க இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று இங்கேயே, இரண்டு பெட்ரூம், 1,020 சதுர அடி. இன்னொன்று கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷனிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, மூன்று பெட்ரூம், 1,380 சதுர அடி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கணவருக்கு வேலை கிண்டியில், எனக்குப் பல்லாவரத்தில். "மூணு பெட்ரூம் இல்லாம அஞ்சு பேர் எப்படி இருக்கறது" என்கிறார் கணவர். "நாங்க ஒன்பது பேர் ஒரே ரூம்ல வளர்ந்தோம்" என்கிறார் என் அப்பா. "நான் ஹால்ல படுத்துக்கறேன்" என்கிறார் மாமியார். ஒரு குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு இடம் வேண்டும்? இரண்டு வீட்டின் பிளானையும் இணைத்திருக்கிறேன்.

ம., குரோம்பேட்டை

*

அன்புள்ள ம.,

முதலில் அந்த எண்களைச் சரிசெய்துகொள்வோம். 1,020, 1,380 இரண்டுமே சூப்பர் பில்டப் ஏரியா. மாடிப்படி, லிஃப்ட், பொது வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கு அதற்குள் இருக்கிறது. 2016இல் வந்த ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்பெட் ஏரியா என்ன என்பதைத் தெளிவாக வரையறுத்துவிட்டது. வெளிச்சுவர், பால்கனி எல்லாம் போக உள்ளே புழங்கும் இடம்தான் அது. ஒப்பந்தத்தில் அதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பிளான்களில் அளந்தால் குரோம்பேட்டை வீடு ஏறத்தாழ 740, கூடுவாஞ்சேரி வீடு 990 வருகிறது. விளம்பரத்தில் 360 சதுர அடியாகத் தெரியும் வித்தியாசம் உள்ளே போனால் 250தான்.

எத்தனை சதுர அடி போதும் என்று அரசாங்கங்களே கணக்குப் போட்டிருக்கின்றன. ஜப்பான் இரண்டு அளவுகள் வைத்திருக்கிறது. நான்கு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குக் குறைந்தபட்சம் 50 சதுர மீட்டர், அதாவது சுமார் 540 சதுர அடி. நகரத்து அடுக்குமாடியில் அவர்கள் எட்ட நினைக்கும் அளவு 95 சதுர மீட்டர், சுமார் 1,020 சதுர அடி. சிறு பிள்ளைகளை முழு ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் நீங்கள் பார்த்திருக்கும் இரண்டு வீடுமே நடுவில்தான் வருகின்றன. ஆகவே சதுர அடியை மட்டும் வைத்து இதை முடிவுசெய்ய முடியாது.

உங்கள் அப்பா சொல்வதை மதிக்கிறேன். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 37 சதவீதக் குடும்பங்கள் ஒரே அறையில்தான் வாழ்ந்தன. ஆனால் அப்பா வளர்ந்த வீட்டுக்குத் திண்ணை இருந்ததா, மொட்டைமாடியும் கொல்லையும் இருந்தனவா என்று அவரிடம் கேட்டுப்பாருங்கள். பழைய வீடுகளில் ஆண்கள் திண்ணையில் படுத்தார்கள், பிள்ளைகள் மாடியில் படுத்தார்கள், பகல் முழுக்கத் தெருவில் கிடந்தார்கள். வீடு என்பது அந்த அறையைவிடப் பெரியதாக இருந்தது. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் கதவைச் சாத்தினால் அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஒற்றை அறை யாருக்குப் போதுமானதாக இருந்தது? வீட்டுப் பெண்கள் விடியுமுன் எழுந்து, இருட்டில் குளித்து, சமையலறை மூலையில் புடவை மாற்றினார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

இப்போதும் கேட்கவில்லை என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. "ஹால்ல படுத்துக்கறேன்" என்று உங்கள் மாமியார் சொன்னதை எல்லோரும் சம்மதமாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். ஹாலில் படுப்பவருடைய நாள் எப்படி இருக்கும் என்று பாருங்கள். இரவு பத்தரை வரை டிவி ஓடும். அதுவரை அவர் சோஃபா ஓரத்தில் கண் சொக்க உட்கார்ந்திருக்க வேண்டும். நடுராத்திரி தண்ணீர் குடிக்க வருகிறவர் லைட்டைப் போடுவார். காலை ஐந்தரைக்குச் சமையலறையில் குக்கர் ஏறும், பாய் தலையணையைச் சுருட்டியாக வேண்டும். மதியம் உடம்புக்கு முடியவில்லை என்றாலும், யாராவது வந்தால் எழுந்து உட்கார வேண்டும். அவருடைய மருந்து, புடவை, கண்ணாடி எல்லாம் வேறு யாருடைய பீரோவிலோ இருக்கும். 74 வயதில் ஒருவர் இப்படி இருக்கக் கூடாது. எந்த வீடு வாங்கினாலும் அவருக்குக் கதவு உள்ள அறையில் ஒரு கட்டில் வேண்டும், பாத்ரூம் பத்தடிக்குள் வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

அடுத்தது உங்கள் மகள். பத்தாவது, பதினொன்று, பன்னிரண்டு வரப்போகிறது. சாத்திக்கொள்ள ஒரு கதவும் ஒரு மேசையும் அவளுக்கு அவசியம். அறை சின்னதாக இருந்தால் பரவாயில்லை.

அப்படியானால் மூன்று பெட்ரூம்தானே சரி என்பீர்கள். உங்கள் கணவரின் கணக்கு அறை எண்ணிக்கையில் சரி. ஆனால் கூடுவாஞ்சேரியில், ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரவே தனியாக ஒரு வண்டி வேண்டிய இடத்தில், நீங்கள் இருவரும் அந்த அறைகளில் எத்தனை மணி நேரம் இருப்பீர்கள்? காலையில் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பி, இரவு ஒரு மணி நேரம் கழித்து வருவீர்கள். மாமியார் இப்போது கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் நடந்தே போய் வருவார் என்று நினைக்கிறேன். அங்கே அவர் பகல் முழுக்க 990 சதுர அடிக்குள் தனியாக இருப்பார். மகள் பத்தாவதில் பள்ளி மாற வேண்டும். மூன்றாவது அறையில் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். லாஸ் ஏஞ்சலிஸில் 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளை ஆராய்ச்சியாளர்கள் உள்ளே போய்க் கூர்ந்து பார்த்தார்கள். கார் ஷெட்டுகளில் கால்வாசியில்தான் கார் நிறுத்த இடம் இருந்தது, மற்றதெல்லாம் சாமான். நம் வீடுகளில் அந்த வேலையை மூன்றாவது பெட்ரூம் செய்யும்.

நான் குரோம்பேட்டை வீட்டைத்தான் சொல்வேன், ஒரு மாற்றத்துடன். அதன் ஹாலும் டைனிங்கும் சேர்ந்து 20க்கு 11 அடி. டைனிங் கோடியில் தனி ஜன்னல் இருக்கிறது. அந்தப் பக்கம் ஏழரை அடி விட்டுத் தடுத்தால் 82 சதுர அடி அறை கிடைக்கும். தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, வீட்டின் இரண்டாவது அறைக்குக் குறைந்தது 7.5 சதுர மீட்டரும் 2.1 மீட்டர் அகலமும் கேட்கிறது. அதாவது சுமார் 81 சதுர அடி. மயிரிழையில் தேறிவிடுகிறது. செங்கல் சுவர் எழுப்ப வேண்டாம், கீழே பீம் இல்லாத இடத்தில் தளத்துக்கு அது பாரம். ஜிப்சம் போர்டோ பிளைவுட்டோ போதும். அது மகளுக்கு. இரண்டாவது பெட்ரூம் பாட்டிக்கும் பேரனுக்கும், அதன் வாசலுக்கு எதிரேதான் பாத்ரூம் இருக்கிறது. மகள் கல்லூரிக்கு வெளியூர் போனால் சின்ன அறை பையனுக்கு. ஐந்து பேரும் ஒன்றாக நெருக்கியடிப்பது அதிகம் போனால் ஏழெட்டு வருடம்.

ஹால் பன்னிரண்டரை அடியாகச் சுருங்கும். டைனிங் டேபிளை விட்டுவிட்டு, சுவரில் மடக்கும் பலகை வையுங்கள். இரண்டு பாத்ரூம் இருப்பது பெரிய அனுகூலம். காலை ஆறரையிலிருந்து எட்டு வரை நடக்கும் சண்டை அறைகளுக்காக இருக்காது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இப்போதைய வீட்டு மொட்டைமாடியில் அந்த அறைகளைச் சாக்பீஸால் அதே அளவில் வரைந்து பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் ஐந்தடி அகலம், ஆறரை அடி நீளமுள்ள கட்டிலைத் தலைமாடு சுவரோடு போட்டால் கால்மாட்டில் மூன்றரை அடி மிஞ்சும். அங்கே பீரோ வைத்தால் ஒன்றரை அடிதான் நடக்க. பீரோவைப் பக்கச் சுவருக்கு மாற்றினால் மூன்றடி கிடைக்கும். வரைந்தபின் மாமியாரை மேலே அழைத்துப் போய், அவருடைய கட்டில் எந்தப் பக்கம் வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.