உறைபனியைத் தேடும் ட்ரோன்: நீலகிரிச் சோலைகள் பற்றிய கேள்வி பதில்

ஊட்டியில் வானிலை நிலையம் இருக்கும்போது ட்ரோன் எதற்கு, ஐயா?

நிலையத்தின் வெப்பமானி தரைக்கு மேல் நான்கடி உயரத்தில், கூண்டுக்குள் இருக்கிறது. நாற்றும் தவளையும் வாழ்வது தரையோடு தரையாக. மேகமில்லாத, காற்றசையாத டிசம்பர் இரவில் கூண்டுக்குள் 3 டிகிரி இருக்கும்போதே ஊட்டிக்கு அருகிலுள்ள தலைகுந்தாவில் புல்நுனி உறைந்திருக்கும். செயற்கைக்கோளுக்கும் இது தெரியாது. லேண்ட்சாட் 8-இன் வெப்ப உணரிக்கு ஒரு ஹெக்டேர் முழுவதும் ஒரே புள்ளிதான். நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் ட்ரோனின் வெப்பக் கேமராவில் ஒரு புள்ளி ஏறக்குறைய ஒரு சாண் அகலம்கூட வராது.

சோலை என்பது மலைப் புல்வெளிகளுக்கு நடுவே திட்டுத்திட்டாக நிற்கும் காடு. அதன் மரங்கள் புல்வெளிக்குள் பரவாததற்கு உறைபனிதான் காரணமா?

நெடுங்காலமாகச் சொல்லப்படும் காரணம் அது. திறந்தவெளியில் முளைக்கும் சோலை நாற்று உறைபனியில் கருகிவிடும். ஆனால் குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். சோலை நிற்பதும் அதே பள்ளத்தில்தானே! இந்த முரண்தான் என்னை விடாமல் இழுக்கிறது. அடர்ந்த இலைக்கூரை போர்வைபோல மண்ணின் சூட்டைப் பிடித்துவைக்கிறது. ஓரத்திலிருந்து சில அடி வெளியே வந்தால் அந்தப் போர்வை இல்லை. தீ, மேய்ச்சல், மண்ணின் ஆழம், ஈரம் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. அந்தச் சில அடிகளில் வெப்பம் எப்படி மாறுகிறது என்பதைப் படமாகக் கண்டால்தான் எந்த ஓரத்தில் நாற்று நட்டால் பிழைக்கும் என்று சொல்ல முடியும்.

கேமரா காட்டும் எண்ணை நம்பலாமா?

அப்படியே நம்பாதீர்கள். அது காட்டுவது இலையின், மண்ணின் மேற்பரப்பு வெப்பம்; காற்றின் வெப்பம் அல்ல. பறக்கும்போது கேமராவே குளிர்ந்து, எண்ணும் நகர்ந்துவிடும். ஒரு வாளியில் பனிக்கட்டியும் நீரும் கலந்து, நன்றாகக் கிளறி, பறக்கும் வழியில் வையுங்கள். அது பூஜ்ஜியம். கேமரா 2 டிகிரி என்றால் பிழை எவ்வளவு என்று தெரிந்துவிடும். இலைக்கூரைக்கு அடியில் கேமராவால் பார்க்கவே முடியாது. அங்கே தரையில் வெப்பப் பதிவுக் கருவிகளைத்தான் வைக்க வேண்டும்.

அனுமதி?

காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. கழுகு வட்டமிட்டால் உடனே இறக்கிவிடுங்கள்.

எங்கள் பள்ளியில் ட்ரோன் வாங்கப் பணமில்லை. மாணவர்கள் என்ன செய்யலாம்?

மூன்று உச்ச-நீச வெப்பமானிகள் (மிக அதிக, மிகக் குறைந்த வெப்பத்தைக் குறித்துவைப்பவை) போதும். சோலைக்குள் ஒன்று, ஓரத்தில் ஒன்று, புல்வெளியில் ஒன்று. மூன்றையும் தரையிலிருந்து ஒரே உயரத்தில், வெயில் படாமல் வையுங்கள். ஜனவரி முழுவதும் தினமும் காலையில் குறித்து எனக்கு அனுப்புங்கள். ட்ரோன் படத்தைச் சரிபார்க்க எனக்கு அந்த எண்கள் தேவை.